பேயா, மனமா? – 'காஞ்சனை'யைப் படிக்கும் முறை

சித்தூரிலும் திருப்பதியிலும் வளரும் நம் பிள்ளைகளில் பலர், 'ஓ ஸ்த்ரீ, ரேபு ரா' என்று தெலுங்கில் சுவரிலும் கதவிலும் எழுதிவைக்கும் வழக்கத்தைக் கேள்விப்பட்டிருப்பார்கள். 'பெண்ணே, நாளை வா' என்று பேய்க்குத் தவணை சொல்லும் வரி அது. எழுதியவரைக் கேட்டால், "பேயா? நம்பிக்கை இல்லை, ஆனாலும், இருந்துவிட்டால்?" என்பார். இந்த 'ஆனாலும்'தான் மர்மக் கதையின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

புதுமைப்பித்தன் (1906–1948) எழுதிய 'காஞ்சனை' இதற்கு நல்ல பாடம். கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர். வாசலுக்கு வந்த பிச்சைக்காரியை அவர் மனைவி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். இரவில் காரணம் தெரியாத வாசனை வருகிறது. வந்தவள் பேயா? அல்லது கற்பனையே தொழிலான ஒருவரின் உறங்காத மனம் செய்யும் வேலையா? கதை இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது, தீர்ப்புச் சொல்வதில்லை.

தோதரோவ் என்ற திறனாய்வாளர் 1970இல் வெளியிட்ட பிரெஞ்சு நூலில், இந்தத் தயக்கத்தையே இவ்வகைக் கதைகளின் இலக்கணமாகக் கூறினார். பேய் உறுதியானால் அது அற்புதக் கதை. இயல்பான காரணம் கிடைத்துவிட்டால் விசித்திரக் கதை. இரண்டுக்கும் நடுவில் நிற்பதே கடினம்.

பெற்றோருக்கு ஒரு யோசனை. தமிழ் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்குக் கதையை உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, 'பேய்', 'மனம்' என்று தலைப்பிட்டுச் சான்றுகளை எழுதச் சொல்லுங்கள். விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். சான்று தேடி அவர்களே தமிழ்ப் பக்கத்தை மறுபடி புரட்டட்டும்.