படம் வரைவதா, எழுதுவதா, கீறுவதா?



இந்தக் கட்டுரை ஒரு தப்பில் இருந்து ஆரம்பிக்கிறது. தப்பு செய்தது நான்தான். அதனால் அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அறிவியல் வகுப்பில் தாவர செல் படம் வரையச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் ரப்பரைக் கடன் கேட்டுக்கொண்டு இருந்தோம். அப்போது எங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த தோழி எழுந்து, "டீச்சர், நான் படம் கீறிட்டேன், காட்டவா?" என்று கேட்டாள். நான் பின்னாடி இருந்து, "எதுல கீறுன? பிளேடா, கத்தியா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் அதட்டிய பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. அன்று சாயங்காலமே பசங்க அவளுக்குக் 'கீறல்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் எந்த வகுப்பிலும் கை தூக்கவில்லை. டீச்சர் கேட்டால் மட்டும் பதில் சொல்வாள். அதுவும் யோசித்து யோசித்து, நம்ம மாதிரி பேசப் பார்த்து.

அவள் மறுவாழ்வு முகாமில் இருந்து சைக்கிளில் வருகிறாள். பெயர் போடாதே என்று சொல்லிவிட்டாள், அதனால் போடவில்லை. அவள் பிறந்தது தமிழ்நாட்டில்தான். ஆனால் அவளை வளர்த்தது அவளுடைய அம்மம்மா (நாம அம்மாச்சின்னு சொல்றது). யாழ்ப்பாணப் பக்கம் படம் வரைவதைப் 'படம் கீறுறது' என்றுதான் சொல்வார்களாம். வீட்டில் கேட்ட தமிழைத்தானே அவள் பேசினாள்.

இது தமிழ் ஐயா காதுக்கும் போனது. அவர் என்னைத் திட்டவில்லை. "காலையில வாசல்ல என்னம்மா செஞ்ச?" என்று கேட்டார். "கோலம் போட்டேன் ஐயா" என்றேன். "எங்கேர்ந்து தூக்கிப் போட்ட? விழுந்து உடையலையா?" என்றார். இப்போது வகுப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்புறம் ஐயா, "படம் சம்பந்தமா நாம என்னென்ன வினைச்சொல் சொல்றோம், மத்த மொழியில என்னென்ன சொல்றாங்க, தேடி சுவர் இதழுக்கு எழுது. அந்தப் பிள்ளையையும் கூடச் சேத்துக்க" என்றார். நூலக அகராதி, ஐயா சொன்னது, டீச்சர் செல்போனில் தேடிக் காட்டியது, எங்க ஊர் ஆட்கள் சொன்னது எல்லாம் சேர்ந்ததுதான் இது.

முதலில் நம்ம வீட்டையே பார்ப்போம். கேள்வித்தாளில் 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று வரும். ஆனால் வாயால் பேசும்போது 'படம் போடுறேன்', 'வட்டம் போடுறேன்' என்றுதான் சொல்கிறோம். பொட்டு என்றால் வைக்கிறோம் அல்லது இடுகிறோம். கலர் என்றால் அடிக்கிறோம். சுவருக்கு வெள்ளையும் அடிக்கிறோம், பாவம் சுவர். பச்சை என்றால் குத்துகிறோம். போட்டோ என்றால் எடுக்கிறோம், எங்க தாத்தா 'போட்டோ புடிக்கிறது' என்பார். ஓவியம் என்றால் தீட்டுகிறோம். இதே தீட்டுதல்தான் அரிவாளுக்கும். தேய்த்துத் தேய்த்துப் பதமாக்குவது தீட்டுவது. தூரிகையும் தேய்க்கத்தானே செய்கிறது. போடு, வை, அடி, குத்து, எடு, பிடி, தீட்டு என்று இத்தனை சொல்கிற நான், அவள் ஒரே ஒரு 'கீறு' சொன்னதற்குச் சிரித்தேன்.

'வரை' எங்கிருந்து வந்தது? வரை என்றால் கோடு, எல்லை. 'அதுவரைக்கும்' என்று சொல்கிறோமே, அந்த வரைதான். வரையறை, வரம்பு, வயல் வரப்பு எல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள். அதாவது வரைவது என்பது வெறும் இடத்தில் எல்லை போடுவது. இதில் எனக்கு ரொம்ப ஆச்சரியமான விஷயம் சீன மொழியில் கிடைத்தது. சீனத்தில் படத்துக்கும் 'ஹுவா', படம் வரைவதற்கும் 'ஹுவா'. பழைய முறையில் அந்த எழுத்தை எழுதினால் உள்ளே வயலைக் குறிக்கும் சதுரம் இருக்கும். சுமார் 1900 வருடத்துக்கு முன் ஷூ ஷென் என்பவர் ஒரு சீன அகராதி செய்தார். அதில் இந்தச் சொல்லுக்கு எல்லை என்றுதான் பொருள் சொல்லியிருக்கிறார், வயலின் நாலு பக்க எல்லையைப் போன்ற வடிவம் என்று. நம்ம ஊர் வரப்பும் சீன வரப்பும் ஒன்றுக்கொன்று தெரியாமலே ஒரே வேலை பார்த்திருக்கின்றன. அப்பாவிடம் சொன்னேன். "வரப்பு நேரா இருந்தாத்தான்டா பாப்பா படம்" என்றார்.

அடுத்து 'எழுது'. இப்போது எழுத்தைத்தான் எழுதுகிறோம், படத்தை யாரும் எழுதுவதில்லை. முன்பு அப்படி இல்லை. பரிபாடல் 19-ஆம் பாடலில் திருப்பரங்குன்றத்தில் ஓவியங்கள் இருந்த ஒரு மண்டபம் வருகிறது. அதன் பெயர் 'எழுத்துநிலை மண்டபம்'. அங்கே படித்துப் பார்க்க எழுத்து இருந்ததாகச் சொல்லவில்லை. ரதி, மன்மதன், அகலிகை, பூனை வடிவில் இந்திரன் என்று ஓவியங்கள் இருந்தன. தெரியாதவர்கள் இவர் யார், அவர் யார் என்று கேட்க, தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்று வருகிறது. நாம பொருட்காட்சிக்குப் போனால் செய்கிற மாதிரியேதான்.

திருவள்ளுவரும் கண்ணுக்கு மை தீட்டுவதை 'எழுது' என்றே சொல்கிறார். 1285-ஆம் குறளில், மை எழுதும்போது அந்தக் கோலைக் கண் பார்க்காது, அதுபோல கணவனைப் பார்த்ததும் அவன் குற்றம் என் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். இது காமத்துப்பால். ஐயா பொருள் மட்டும் சொல்லிவிட்டு வேகமாக அடுத்த மொழிக்குப் போய்விட்டார்.

அடுத்த மொழி மலையாளம். நாம விட்டதை அவர்கள் விடவில்லை. கேரளத்தில் 'களமெழுத்து' என்று ஒன்று உண்டு. கோயிலில் தரையில் பொடியால் தெய்வத்தின் உருவத்தைப் பெரிதாகப் போடுவார்கள். அரிசி மாவு வெள்ளை, உமிக்கரி கறுப்பு, மஞ்சள்பொடி மஞ்சள், இலைப்பொடி பச்சை, மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. சடங்கு முடிந்ததும் அழித்துவிடுவார்கள். இது படம்தான், ஆனால் பெயர் எழுத்து. பெரிய ஓவியர் ராஜா ரவிவர்மாவையும் 'சித்திரமெழுத்துக் கோயித்தம்புரான்' என்றுதான் அழைத்தார்கள்.

பீகாரில் மதுபனி ஓவியம் புகழ் பெற்றது. கல்யாண வீட்டுச் சுவரில் பெண்கள் மீன், தாமரை, மூங்கில் எல்லாம் வரைவார்கள். அதை அவர்கள் மைதிலி மொழியில் 'லிகியா' என்பார்கள். லிக் என்றால் எழுது. இதைப் படித்ததும் எனக்கு என் அப்பாயி ஞாபகம் வந்தது. அப்பாயி பள்ளிக்கூடம் போனதில்லை, பேங்கில் கைநாட்டுத்தான் வைக்கும். ஆனால் மார்கழியில் 21 புள்ளிக் கோலத்தை ஒரு தடவைகூட நிறுத்தாமல் போடும். மதுபனியில் பிறந்திருந்தால் அப்பாயி தினமும் வாசலில் 'எழுதுகிறது' என்று சொல்லியிருப்பார்கள்.

பழைய எகிப்தில் எழுதுகிறவருக்கு 'செஷ்' என்று பெயர். ஓவியருக்குத் தனிப் பெயர் கிடையாது, உருவக்கோடு எழுதுகிற 'செஷ்' என்பார்கள். அவர்கள் எழுத்தே ஆந்தை, கை, பாம்பு என்று படமாகத்தானே இருக்கும், பிறகு எப்படிப் பிரிப்பது! ரஷ்ய மொழியில் கடிதம் எழுதுவதும் 'பிசாத்', வண்ண ஓவியம் தீட்டுவதும் 'பிசாத்'. பென்சிலால் வரைவதற்கு மட்டும் 'ரிசவாத்' என்று வேறு சொல். அதைப் பற்றிக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

இன்னும் சில மொழிகளில் படத்தை இழுக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'டிரா' என்றால் முதலில் இழு என்றுதான் பொருள். மேசையில் இழுக்கிற பெட்டிக்கு டிராயர் என்று பெயர் வந்ததும் அதனால்தான். பென்சிலைத் தாள்மேல் இழுப்பதால் அது வரைவதற்கும் ஆகிவிட்டது. எங்க ஊர் நூல்மில்லில் வேலை பார்க்கும் வடநாட்டு அண்ணனிடம் கேட்டேன். இந்தியில் 'கீஞ்ச்னா' என்றால் இழுப்பது. கோட்டையும் இழுப்பார்களாம், போட்டோவையும் இழுப்பார்களாம். படம் வரைவதைப் பெரும்பாலும் 'பனானா', அதாவது செய்வது என்பார்களாம். ரொட்டியும் 'பனானா', படமும் 'பனானா'.

கன்னடத்தில் படத்தை 'பிடிஸு' என்பார்கள். அது நம்ம பிடி இல்லை, நம்ம 'விடு' என்பதன் உறவு. அவிழ்த்து விடுவது, விடுவிப்பது. நாம போட்டோவைப் பிடிக்கிறோம், அவர்கள் படத்தை விடுகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் அழகாகத் தெரிந்தது. படம் ஏற்கெனவே தாளுக்குள் அடைந்து கிடக்கிற மாதிரியும், வரைகிறவர் கதவைத் திறந்து விடுகிற மாதிரியும் இருக்கிறது.

இப்போது 'கீறு'. இதற்குத்தான் நான் பயந்துகொண்டே தேடினேன். தேடத் தேட என் தப்பு பெரிதாகிக்கொண்டே போனது.

கிரேக்க மொழியில் 'கிராபெயின்' என்றால் எழுதுவது, வரைவது. அதன் பழைய பொருள் கீறுவது. போட்டோகிராபி என்ற பெயரில் இருப்பது இந்தச் சொல்தான், 1839-இல் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி அதைப் பரப்பினார். ஒளியால் கீறுவது! கணக்குப் பாடத்தில் போடுகிற கிராப்பும் அதே சொல்தான். சமஸ்கிருத 'லிக்', மேலே மதுபனியில் வந்ததே, அதற்கும் முதல் பொருள் கீறுவதுதான். ஆங்கில 'ரைட்' பழைய காலத்தில் மரத்திலும் கல்லிலும் கீறுவதைக் குறித்தது. அதன் சொந்தக்காரச் சொல் ஜெர்மன் மொழியில் 'ரைசன்', இன்றைக்கு அதற்குக் கிழிப்பது என்று பொருள். வீட்டு வரைபடத்துக்கு ஜெர்மனியர் வைத்திருக்கும் பெயரிலும் இந்தக் கிழிசல் இருக்கிறது. இந்தச் சொல்தான் போலந்து வழியாக ரஷ்யாவுக்குப் போய் 'ரிசவாத்' ஆனது. கிழிப்பது எப்படி வரைவது ஆகும் என்று நான் ஐயாவிடம் கேட்டேன். "அப்பா கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டேன்னு நீ சொல்றதில்லையா?" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

ஜப்பானில் 'கக்கு' என்று ஒரே உச்சரிப்பு. எழுதுவதும் கக்கு, வரைவதும் கக்கு, உடம்பைச் சொறிவதும் கக்கு. தாளில் எழுதும்போது மட்டும் வேறு வேறு எழுத்துப் போடுவார்கள். தெலுங்கில் 'கீத்த' என்றால் கோடு, 'கீரு' என்றால் கீறு. எங்கள் வகுப்பிலேயே வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் 4 பேர் இருக்கிறோம். 'கீறல்' என்று பட்டப்பெயர் வைத்தவனும் அதில் ஒருவன்!

கடைசியாக ஐயா கேட்டார், "நம்ம முன்னோர் எதுல எழுதினாங்க?" பனை ஓலையில். எதால்? எழுத்தாணியால். எழுத்தாணியில் மை கிடையாது. கூர்முனையால் ஓலையைக் கீறுவார்கள். கீறின உடனே எழுத்து சரியாகத் தெரியாது. அதன்மேல் விளக்குக் கரியைத் தடவித் துடைத்தால் கீறின பள்ளத்தில் மட்டும் கரி நின்று எழுத்து தெரியும். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் இருப்பதையும் கீறல்கள் என்றுதான் சொல்கிறார்கள். நாம இன்று பெருமையாகப் படிக்கிற ஓலைச்சுவடியில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் கீறினது.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் அவளிடம் காட்டி, "மன்னிச்சுக்க" என்றேன். அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. முழுவதையும் படித்துவிட்டு, "அம்மம்மாவிட்ட காட்டட்டா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் அம்மம்மா ஒரு திருத்தம் சொல்லி அனுப்பியிருந்தார். அவரும் கோலத்தை மட்டும் 'போடுறது' என்றுதான் சொல்வாராம், கீறுறது என்று சொல்ல மாட்டாராம். அதையும் சேர்த்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் வேறு ஏதாவது சொல் சொல்வார்கள் என்றால் இந்தத் தாளின் அடியில் நாலு கோடு விட்டிருக்கிறேன், பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், தாள் கிழிகிறது.

பக்கத்தில் உள்ள ஓலை, எழுத்தாணி படம் அவளுடையது. எழுத்தாணியின் முனை எப்படி வந்திருக்கிறது என்று கிட்டப் போய்ப் பாருங்கள். 'படம் வரைந்தவர்' என்று கீழே எழுதப் போனேன். அவள் என் கையில் இருந்த ஸ்கெட்சை வாங்கி 'கீறியது' என்று எழுதி, பக்கத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி