கடல் கடந்து செல்லும் குழந்தைகள்

கடல் வாணிகத்தில் சிறந்து விளங்கியவர் பண்டைத் தமிழர். பொருள் தேடும்பொருட்டுத் தலைவன் கலம் ஏறிச் செல்வதைப் பழைய நூல்கள் பலவாறு கூறுகின்றன. ஆயினும், கடல்வழிச் செல்வோர் மகளிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் வரையறுக்கின்றது. மகளிர் செல்லாத இடத்துக்கு மழலைகள் செல்வது எங்ஙனம்? எனவே, தந்தை திரைகடலில் செல்ல, தாயும் சேயும் கரையில் காத்திருந்தனர்.

காலம் மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடவரோடு மகளிரும், மகளிரோடு கைக்குழந்தைகளும் கப்பல் ஏறலாயினர். வழியையும் ஊரையும் முடிவு செய்தவர் பெரியோர். அம்முடிவின் பயனைத் தம் சிறிய உடலிலும் உள்ளத்திலும் தாங்கியவர் சிறுவர். ஆதலின், சிறுவரை அயல்நாட்டுக்கு அழைத்துச் செல்வோர்க்குரிய கடமைகள் யாவை என்பதை அப்பயணங்களின் வரலாறு கொண்டே நாம் அறிதல் வேண்டும்.

சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டி செல்லும் இருப்புப்பாதையில் உள்ள ஊர் மீஞ்சூர். அதற்குக் கிழக்கே கடலோரத்தில் எண்ணூர், காட்டுப்பள்ளி என்னும் ஈரிடங்களிலும் துறைமுகங்கள் உள்ளன. எண்ணூரில் 2001ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற துறைமுகம் இன்று காமராசர் துறைமுகம் என்னும் பெயரோடு விளங்குகின்றது. அனல்மின் நிலையங்களுக்கு வேண்டிய நிலக்கரி அங்கே வந்து இறங்குகின்றது; மோட்டார் வண்டிகள் அங்கிருந்து பிற நாடுகளுக்குச் செல்கின்றன. இவை சரக்கு ஏறி இறங்கும் துறைகள். மக்கள் நெடுங்காலம் கப்பல் ஏறிச் சென்ற கரையோ இன்னும் தெற்கே, இராயபுரத்தை அடுத்துள்ள சென்னைக் கரையாகும்.

1860ஆம் ஆண்டில் அக்கரையில் இன்றுள்ள துறைமுகம் இல்லை. பெருங்கப்பல்கள் கரையினின்றும் விலகி ஆழ்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பயணிகளோ, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில் ஏறி, சீறி எழும் அலைகளைக் கடந்து, கப்பலைச் சென்று அடைதல் வேண்டும். அவ்வாண்டு அக்டோபர் 12ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது. அதில் இருந்தவர் 342 பேர். தென்னாப்பிரிக்காவில் நேட்டால் நாட்டின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கச் சென்றவர்கள் அவர்கள். ஆடவர், மகளிர், குழந்தைகள் என முத்திறத்தாரும் அக்கப்பலில் இருந்தனர். நவம்பர் 16ஆம் நாள் அது டர்பன் துறையை அடைந்தது. ஐந்து வாரங்கள் அக்குழந்தைகள் கண்டவை நீரும் வானுமே.

அன்று தொடங்கி 1911ஆம் ஆண்டு வரை 1,52,000க்கும் மேற்பட்ட இந்தியர் இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அவர்களைப் பற்றிய பட்டியல்கள் இன்றும் காக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதனை அடுத்துப் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் என்று வரிசையாக எழுதப்பட்டிருக்கும். குழந்தைகளுக்கும் அவ்வாறே எண் உண்டு. ஆனால், அக்குழந்தை வழியில் அழுததா, நோயுற்றதா, விட்டு வந்த பாட்டியைத் தேடியதா என்பதை எந்தப் பட்டியலும் கூறாது. கணக்கு எழுதியவர்க்குக் குழந்தை ஓர் எண்ணாகவே தோன்றியது போலும்!

கப்பலில் குழந்தைகளுக்கு நேர்ந்த பெரும்பகை நோயே ஆகும். நெருக்கமாக வாழும் இடத்தில் ஒருவர் நோய் மற்றவரை எளிதில் பற்றும். ட்ரூரோவுக்குப் பின் கல்கத்தாவிலிருந்து நேட்டாலுக்குச் சென்ற 'பெல்விடியர்' என்னும் கப்பலில் கொள்ளைநோய் பரவிப் பலர் மாண்டனர். ஆதலின், துறைமுகங்களில் கப்பலைத் தடுத்து நிறுத்தி, நோய் இல்லை என்று தெளிந்த பின்னரே பயணிகளை இறங்கவிடும் முறை கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது.

இம்முறையின் துன்பத்தைத் தம் மனைவி மக்களோடு நுகர்ந்தவர்களுள் காந்தியடிகளும் ஒருவர். 1896ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பம்பாயில் 'கூர்லண்டு' என்னும் கப்பலில் ஏறினார். உடன் சென்றவர்கள் கஸ்தூரிபாய் அம்மையார், மக்கள் ஹரிலால், மணிலால், தமக்கையின் மகன் கோகுல்தாஸ் ஆகியோர். ஹரிலால் 1888ஆம் ஆண்டிலும் மணிலால் 1892ஆம் ஆண்டிலும் பிறந்தவர்கள் என்பதால் அவர்களது இளமையை நாம் உணரலாம். வழியில் பெரும்புயல் ஒன்று கப்பலை அலைக்கழித்தது. பல்வேறு சமயத்தவரும் ஒன்றுகூடித் தத்தம் முறைப்படி இறைவனை வேண்டினர்.

டர்பனை அடைந்த பின்னும் துன்பம் தீரவில்லை. பம்பாயில் பிளேக் நோய் பரவியிருந்ததைக் காட்டி, கப்பலை மூன்று வாரங்களுக்கும் மேலாகத் துறைக்கு வெளியே நிறுத்தினர். இந்தியர் வந்து இறங்குவதை விரும்பாத வெள்ளையரின் சினமும் அத்தடைக்கு ஒரு காரணமாயிற்று. 1897 ஜனவரி 13ஆம் நாள்தான் பயணிகள் கரை இறங்கினர். காந்தியடிகள் அன்னையையும் குழந்தைகளையும் ஒரு வண்டியில் முன்னதாகப் பார்சி ருஸ்தம்ஜி என்னும் நண்பர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டு, தாம் பின்னர் நடந்து சென்றார். வழியில் ஒரு கூட்டம் அவரைச் சூழ்ந்து தாக்கியது. காவல்துறைத் தலைவர் அலெக்சாண்டரின் மனைவியார் இடையே புகுந்து, தம் குடையை விரித்து அவரைக் காத்தார். அன்று இரவு அக்கூட்டம் ருஸ்தம்ஜியின் இல்லத்தையும் வளைத்துக்கொண்டது. உள்ளே குழந்தைகள் இருந்தனர். நண்பரின் இல்லத்தையும் தம் குடும்பத்தையும் காத்தற்பொருட்டே மாறுவேடம் பூண்டு வெளியேற அடிகள் இசைந்தார். அச்சம் அறியாத அவரும், குழந்தைகள் உடன் இருந்தபோது தம் துணிவை மட்டும் எண்ணாது அவர்களின் நலத்தையும் எண்ணினார்.

அப்பயணத்தைப் பற்றி அடிகள் தம் வரலாற்றில் கூறும் சிறு செய்தி ஒன்றும் நாம் சிந்தித்தற்கு உரியது. அயல்நாட்டார் மதிக்கவேண்டும் என்று கருதி, அவர் அன்னையாருக்குப் பார்சி மகளிர் முறையில் புடைவை உடுத்தச் செய்தார். சிறுவருக்குப் பார்சிச் சட்டையும் காற்சட்டையும் அணிவித்தார். காலுறையும் காலணியும் முன்பு அறியாத அப்பிள்ளைகளின் விரல்கள் புண்பட்டன. காலுறைகள் வியர்வையால் நாறின. கையால் உண்டு பழகியவர்கள் கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்ணுமாறு பணிக்கப்பட்டனர். பின்னாளில் இவற்றிற் பலவற்றை அவரே கைவிட்டார். பெரியோரின் மதிப்புக்காகச் சிறுவர் கால் நோவுற்றது என்பதே இச்செய்தி நமக்கு உணர்த்தும் உண்மை.

கல்வியும் ஒரு பெருஞ்சிக்கலாயிற்று. ஐரோப்பியர் பிள்ளைகள் பயிலும் பள்ளியில் விதிவிலக்காகத் தம் மக்களைச் சேர்க்க அடிகளுக்கு வாய்ப்பு இருந்தது. பிற இந்தியப் பிள்ளைகளுக்குக் கிட்டாத சலுகையை ஏற்க அவர் உள்ளம் ஒருப்படவில்லை. தாய்மொழியாகிய குஜராத்தியில் தாமே கற்பிக்க முற்பட்டார். போதிய நேரம் வாய்க்கவில்லை. முறையான பள்ளிக் கல்வி கிட்டாமையைத் தம் மக்கள் குறையாகக் கருதியதை அவரே மறைக்காமல் எழுதியுள்ளார். ஆனால், மணிலால் தென்னாப்பிரிக்காவிலேயே தங்கி, 'இந்தியன் ஒப்பினியன்' என்னும் இதழை 1956ஆம் ஆண்டில் தாம் மறையும் வரை நடத்தினார். ஒரே பயணம் பிள்ளைகள் வாழ்வில் ஆறாக் குறையையும் விளைக்கலாம், அரும்பணியையும் விளைக்கலாம்.

இனி, நம் கரைக்கே மீள்வோம். இருபதாம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற குடும்பங்களுக்கு மிகவும் பழகிய பெயர் 'ரஜூலா' என்பது. 1926ஆம் ஆண்டு முதல் 1973ஆம் ஆண்டு வரை ஓடிய அக்கப்பல், நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு, வங்கக் கடலைக் கடந்து பினாங்கையும் சிங்கப்பூரையும் அடையும். பயணம் ஏறத்தாழ ஒரு வாரம் நீடிக்கும். வசதி உள்ளோர்க்கு அறைகள் இருந்தன. ஏனைய பெருங்கூட்டத்தினர்க்குக் கப்பலின் தளமே வீடு. அங்கே பாய் விரித்து, பெட்டிகளை அருகே அடுக்கி, குழந்தைகளை நடுவில் கிடத்தித் தாய்மார் உறங்கினர். நோய்க்குறி தென்பட்டால், பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலோ, சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான்ஸ் தீவிலோ பயணிகளை இறக்கிக் காவலில் வைப்பர். ரஜூலாவுக்குப் பின் வந்த 'சிதம்பரம்' என்னும் கப்பல் 1985ஆம் ஆண்டில் தீ விபத்துக்கு உள்ளாயிற்று. அதனோடு அந்நெடுங்காலப் பயணிகள் போக்குவரத்தும் முடிவுற்றது.

இன்று ஒரு வாரப் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. மீஞ்சூரில் விடியலில் புறப்படும் குழந்தை, மீனம்பாக்கத்தில் வானூர்தி ஏறி, மாலைக்குள் சிங்கப்பூரில் இறங்கிவிடலாம். அம்மை நோய்க்கு அஞ்சித் தீவில் தங்குவதும் இல்லை. பெரியம்மை உலகினின்றும் ஒழிந்தது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1980ஆம் ஆண்டில் அறிவித்தது. எனினும், பெரியோரின் கடமை சுருங்கிவிடவில்லை. நீண்டநாள் தங்கும் பயணமாயின் அது பன்மடங்கு பெருகும் என்றே கூறலாம்.

முதற்கடமை உடல்நலம். இந்நாட்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும், கைக்குழந்தையாயினும், தனிக் கடவுச்சீட்டு வேண்டும். அதனைப் பெறுவதில் காட்டும் விரைவைத் தடுப்பூசியிலும் காட்டுதல் வேண்டும். ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா ஆகிய கண்டங்களின் சில நாடுகளுக்குச் செல்வோர் மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வைத்திருத்தல் கட்டாயம். ஊசி இட்டு 10 நாட்கள் கழிந்த பின்னரே அச்சான்று செல்லும். ஆதலின் இறுதி நாள் வரை காத்திருத்தல் தகாது. குழந்தையின் வயதுக்கு எந்த ஊசி ஏற்றது என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். வானூர்தி ஏறும்போதும் இறங்கும்போதும் சில குழந்தைகள் வீறிட்டு அழுவர். காற்றழுத்தம் மாறுவதால் செவிக்குள் உண்டாகும் நோவே அதற்குக் காரணம். விழுங்கும்போது தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் திறந்து அழுத்தம் சமனாகும். ஆகவே, அவ்வேளையில் பால் ஊட்டினால் அழுகை தணியும். காரணம் அறிந்த தாய் குழந்தையைக் கடிந்துகொள்ளாள்.

இரண்டாம் கடமை உள்ளத்தைப் பற்றியது. நான்கு வயதுக் குழந்தைக்கு நாடு என்பது தன் வீடும் தெருவுமே. 'எங்கே செல்கிறோம், யார் உடன் வருவர், யார் இங்கே தங்குவர், எப்போது திரும்புவோம்' என்பவற்றை எளிய மொழியில் முன்னரே கூறுதல் நன்று. விளையாட்டுக்கு அழைத்துச் செல்வதாகப் பொய் கூறி வானூர்தியில் ஏற்றுதல் தீது. குழந்தை இடமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஏமாற்றத்தை எளிதில் மறவாது. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. இன்னும் தொலைவில் உள்ள நாடுகளில் நம் பகல் அவர்க்கு இரவாகும். உறக்கம் மாறிய குழந்தை சில நாட்கள் சிணுங்குவது இயல்பே. பொறுமையே அதற்கு மருந்து.

மூன்றாம் கடமை மொழி. தோட்டங்களில் உழைக்கச் சென்ற தமிழர் பலர் எழுத்தறியாதவர்கள். ஆயினும் தம் மக்கள் தமிழ் கற்கவேண்டும் என்று விரும்பினர். மலேயாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுக் குழந்தைகள் 10 பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. தகரக் கொட்டகையாயினும் ஆகுக, அங்கே அகர வரிசை ஒலித்தது. இன்று மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சிங்கப்பூரில் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகத் தமிழ் விளங்குகின்றது. இவ்வாறு பள்ளி அமையாத நாடுகளில் இரண்டு மூன்று தலைமுறைக்குள் தமிழ் பெயரளவில் நின்றுவிட்டதும் உண்டு. சென்ற நாட்டின் மொழியைக் குழந்தை விரைவில் கற்றுக்கொள்ளும், அது நன்மையே. தாய்மொழியோ வீட்டில் பேசினாலன்றி நில்லாது. திரும்பி வரும் நாளில் பாட்டியோடு பேச இயலாத பேரன், ஊருக்கு வந்தும் வேற்றூரானே ஆவான்.

ட்ரூரோவில் சென்ற பெற்றோர் வறுமையால் உந்தப்பட்டனர். அவர்க்குத் தேர்ந்து கொள்ளும் உரிமை மிகக் குறைவு. இன்று செல்வோர்க்கு அவ்வுரிமை உண்டு; உரிமை உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு. மாணவர்களே, நாளை நீங்களும் தொழில் காரணமாகவோ கல்வி காரணமாகவோ கடல் கடந்து செல்லக்கூடும். உங்கள் தம்பி தங்கையர் உடன் வரவும் கூடும். அப்போது பெட்டிகளை எண்ணுமுன் குழந்தைகளின் முகத்தை நோக்குங்கள். பெட்டி தொலைந்தால் வேறு பெறலாம். குழந்தையின் நலமும் நம்பிக்கையும் மொழியும் தொலைந்தால் மீட்டல் அரிது. அம்மூன்றையும் காத்துச் செல்வதே நற்பயணம் ஆகும்.