கையெழுத்து விழுந்த நேரம்

அன்புள்ள அம்மணிக்கு,

நீ கல்லூரிக்குக் கிளம்பிப் போய் நான்கு நாள் ஆகிறது. பயிற்சிக்கு வந்த ஒரு மாதத்தில் நீ கேட்ட கேள்விகளில் இரண்டு இன்னும் என் மேசையைவிட்டுப் போகவில்லை. வழக்குக் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதில்கள் அல்ல அவை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பவர் டேபிள் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் மஞ்சப்பை நிறைய டெலிவரி சலான் (டி.சி.) புத்தகங்களோடு வந்தாரே, அன்றைக்குக் கேட்டாய்: "எழுத்தில் ஒப்பந்தமே இல்லை சார், எதை வைத்துக் கேஸ் போடுவது?" இரண்டு நாள் கழித்து, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு ஒருவர் கலங்கி நின்றபோது, "கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்ன செய்ய முடியும்?" என்றாய். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. கையெழுத்து இருந்தால் எல்லாம் முடிந்தது, இல்லாவிட்டால் எதுவுமே தொடங்கவில்லை என்பது. வக்காலத்தில் பெயர் போட ஆரம்பித்த காலத்தில் நானும் அதைத்தான் நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு ஒரு பெண் விலை கொடுத்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெரியவரின் விஷயம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பத்தாவது பிரிவை இன்னொரு முறை எடுத்துப் படி. சுதந்திரமான சம்மதம், ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர்கள், சட்டப்படியான மறுபயன், சட்டப்படியான நோக்கம் ஆகியவற்றைக் கேட்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும் என்று வேறொரு சட்டம் சொன்னாலொழிய, வாய்ப்பேச்சே போதும். பீஸுக்கு இவ்வளவு ரேட் என்று போனில் பேசினார்கள். கட்டிங் பீஸ் வண்டியில் வந்து இறங்கியது. தைத்து அனுப்பினார். எதிர்த்தரப்பு வாங்கி, பேக்கிங் செய்து, கப்பலும் ஏற்றிவிட்டது. முனைவு எங்கே, ஏற்பு எங்கே என்று பாடப்புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தாய். இரண்டும் டி.சி. புத்தகத்தின் கார்பன் நகலில், குடோன்காரர் போட்ட கிறுக்கல் இனிஷியலில் இருக்கின்றன.

கார்லில் வழக்கை மனப்பாடமாகச் சொன்னாயே, அது இங்கேதான் உதவும். 1891இல் லண்டனில் ஒரு மருந்துக் கம்பெனி, தன் புகை உருண்டையைத் தினம் மூன்று வேளை இரண்டு வாரம் பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்தது. 1,000 பவுண்டை வங்கியில் போட்டு வைத்திருப்பதாகவும் சொன்னது. கார்லில் என்ற அம்மாள் வாங்கினார், பயன்படுத்தினார், காய்ச்சலும் வந்தது. விளம்பரத்தை ஏற்றுக்கொண்டதாக எங்களுக்கு எழுதவே இல்லையே என்றது கம்பெனி. சொன்னபடி செய்ததே ஏற்பு என்றது நீதிமன்றம். நம் சட்டத்தின் எட்டாம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. தேர்வில் இதை வெளிநாட்டுக் கதையாக எழுதுகிறீர்கள். திருப்பூரில் தினம் ஆயிரம் வண்டியில் இது ஏறி இறங்குகிறது.

வாட்ஸ்அப்பில் வந்த ரேட்டையும் ஆர்டரையும் அழிக்க வேண்டாம் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டைக் கட்டில் சொருகினால் எதிர்த்தரப்பு விடாது. அவர் உத்யம் பதிவு வைத்திருக்கிறாரா, வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு செய்தாரா என்பதையும் கேள். குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும்கூட 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது. தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு. பெரிய கம்பெனிக்கு நோட்டீஸ் எழுதும்போது இந்த ஒரு பத்தி செய்யும் வேலையை நாலு பக்க ஆவேசம் செய்யாது.

இப்போது அந்தப் பெண்ணின் கதை.

நான் தனியாக ஆபீஸ் போட்ட புதிது. முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் வந்தார். விபத்தில் கணவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கே கணவரின் உறவினர்கள் காரில் ஏற்றிக்கொண்டு போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். குழந்தைகள் வீட்டில் அவர்களிடம் இருந்தன. "கையெழுத்துப் போட்டுட்டு வா, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போ" என்றார்களாம். நான் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். முத்திரைத்தாள் சரி, பதிவு சரி, சாட்சிகள் சரி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. "பதிவான பத்திரம்மா, ஒன்றும் செய்ய முடியாது" என்று அனுப்பிவிட்டேன். பத்திரத்தை மடித்துப் பையில் வைக்க அவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். கை நடுங்கியது. அந்தக் கை அப்போதே எனக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்தாறு வருஷம் கழித்து, வேறொரு வழக்குக்காக மதராஸ் உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டியபோது, ரங்கநாயகம்மா எதிர் ஆழ்வார் செட்டி கண்ணில் பட்டது. 1889. அவளுக்குப் பதிமூன்று வயது. கணவனின் பிணம் வீட்டில் கிடக்கிறது. ஒரு பையனைத் தத்தெடுத்துக்கொள்ளச் சம்மதித்தால்தான் பிணத்தை எடுக்க விடுவோம் என்று உறவினர்கள் மறிக்கிறார்கள். அவள் சம்மதிக்கிறாள். அது சுதந்திரமான சம்மதம் ஆகாது, அந்தத் தத்து அவளைக் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம்.

அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, பழைய டைரியில் அந்தப் பெண்ணின் விலாசத்தைத் தேடி ஆள் அனுப்பினேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டிருக்க வேண்டும். காலம் கடந்திருந்தது. காலத்தைக் கடத்தியது நான். வலுக்கட்டாயம், தகாச் செல்வாக்கு என்று ஒப்பந்தச் சட்டத்தின் 15, 16ஆம் பிரிவுகளை எத்தனையோ தேர்வுகளில் எழுதி மார்க் வாங்கியவன், அவை என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து அழுதபோது அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

அதனால்தான், யார் எந்தப் பத்திரத்தைக் கொண்டுவந்தாலும் முதலில் பத்திரத்தை வாங்காதே என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். உட்கார வை, தண்ணீர் கொடு. கையெழுத்துப் போட்ட அன்றைக்கு எங்கே இருந்தீர்கள், கூட யார் இருந்தார்கள், அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது, பத்திரத்தைப் படித்துக்காட்டினார்களா, பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கேள். அதற்கப்புறம் பத்திரத்தை விரி.

அதற்காக, வருத்தப்படுகிறவர்கள் எல்லோரையும் சட்டம் காப்பாற்றும் என்று நினைத்துவிடாதே. பத்து லட்சம் பெறும் நிலத்தை, யாருடைய நெருக்கடியும் இல்லாமல், தெரிந்தே மூன்று லட்சத்துக்கு விற்றவருக்கு, மறுபயன் குறைவு என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. இருபத்தைந்தாம் பிரிவின் இரண்டாவது விளக்கத்தைப் பார். குறைந்த விலை, சம்மதம் சுதந்திரமானதா என்று சந்தேகப்பட ஒரு காரணம் மட்டுமே. கட்சிக்காரரின் கண்ணீரைப் பார்த்து நடக்காத மிரட்டலைப் பிராதில் எழுதிக்கொடுக்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள். குறுக்கு விசாரணையில் அது உடையும்போது, உண்மையாக மிரட்டப்பட்ட அடுத்த பெண்ணையும் நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான ஒரு கையெழுத்தும் உண்டு. ஒன்றுமே எழுதாத செக்கில் போட்டது. இந்த ஊரில் நூல் கடனுக்கும் சீட்டுக்கும் 'சும்மா செக்யூரிட்டிக்கு' என்று வெற்றுச் செக் கொடுப்பது மூச்சு விடுவதைப் போல. "நான் எதையும் நிரப்பவில்லை சார்" என்பார்கள். தானாகக் கையெழுத்துப் போட்டு வெற்றுச் செக் கொடுத்தவருக்கு எதிராகவும் கடன் இருந்தது என்ற அனுமானம் எழும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. அந்த அனுமானத்தை உடைக்கலாம், ஆனால் உடைக்கும் பாரம் கையெழுத்துப் போட்டவர் தலையில். செக் கேஸில் நாள் கணக்கைக் கனவிலும் மறக்காதே. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள். கட்டாவிட்டால் அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார். தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அதை நம்பி யாரும் கட்டைக் கிடப்பில் போடக்கூடாது. புரோநோட்டை வைத்து வழக்குப் போட மூன்று வருஷம். அது முடியும் முன்பே, கடன்பட்டவர் கொடுத்த தொகையைப் பின்புறம் வரவு எழுதி அவர் கையெழுத்தை வாங்கியிருந்தால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம். நம் ஊர்த் தாத்தாக்கள் சட்டம் படிக்காமலே இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

கூட்டாளித் தொழிலைப் பற்றி ஒன்று மட்டும். பங்குதாரர்களில் ஒருவர் தொழிலின் வழக்கப்படி கடனுக்கு நூல் எடுத்தால் மற்றவர்களும் அந்தக் கடனுக்குப் பொறுப்பு. ஆனால் நிறுவனத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், வர வேண்டிய பாக்கிக்கு வெளியாள் மீது வழக்குப் போடக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு விடாது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தே ஆக வேண்டும், வர வேண்டியதைக் கேட்க முடியாது. அண்ணன் தம்பி தொழில்தானே என்று பதிவைத் தள்ளிப்போடுகிறவர்களிடம் இதை மட்டும் சொல், அடுத்த நாளே வருவார்கள்.

கையெழுத்தே இல்லாத இடத்துக்கு வருகிறேன். தீங்கியல் சட்டம் வறட்சியாக இருக்கிறது என்றாய். அதற்கென்று இந்தியாவில் ஒரே சட்டநூல் இல்லை, தீர்ப்புகளாகச் சிதறிக் கிடக்கிறது என்பதுதான் உனக்குச் சிரமம். ஒப்பந்தத்தில் கடமையை நாமே பேசி ஏற்றுக்கொள்கிறோம். தீங்கியலில், யாரோடும் பேசாமலே கடமை நம் மேல் இருக்கிறது. 1928இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் ஒரு பெண் குடித்த ஜிஞ்சர் பீர் புட்டியில் அழுகிய நத்தை இருந்ததாக வழக்கு. வாங்கிக் கொடுத்தது தோழி. எனவே அந்தப் பெண்ணுக்குக் கடைக்காரரோடும் ஒப்பந்தம் இல்லை, தயாரித்தவரோடும் இல்லை. ஆனாலும் தயாரித்தவருக்கு அவர் மேல் கவனக் கடமை உண்டு என்று பிரபுக்கள் சபை 1932இல் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் சொன்னது.

நத்தையை விடு. நீ பஸ்ஸில் தினம் நொய்யல் ஆற்றைக் கடந்துதான் வந்தாய். சாயப்பட்டறைக்கும் ஏற்றுமதியாளருக்கும் நடுவே ஒப்பந்தம் கச்சிதமாக இருந்தது. கலர் சரி, தேதி சரி, பில் சரி. கீழே, நொய்யலின் குறுக்கே 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். பாசனத்துக்காகக் கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கியது. ஆயக்கட்டு விவசாயி யாரோடும் ஒப்பந்தம் போடவில்லை. எந்தத் தாளிலும் அவர் கையெழுத்து இல்லை. அவர் கிணறு கெட்டது, நிலம் உப்புப் பூத்தது. விவசாயிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை 2009இல் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில் வலியுறுத்தியது. கழிவு ஒரு சொட்டும் வெளியேறாத நிலைக்கு வராத பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வருஷம் இந்த ஊரில் வேலை போனவர்களையும் நான் பார்த்தேன். அவர்கள் கஷ்டம் பொய்யில்லை. ஆனால் அந்தக் கஷ்டத்தை அதுவரை வெளியே தெரியாமல் சுமந்தவர் கீழ்மடை விவசாயி.

மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பதன் வேரைத் தேடினால் 1868ஆம் ஆண்டின் ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்குக்கு வந்து சேருவாய். ரைலண்ட்ஸும் ஒரு பஞ்சாலை முதலாளிதான். ஆலைக்காக வெட்டிய நீர்த்தேக்கம் உடைந்து, பக்கத்துச் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தது. அவர் மேல் நேரடிக் கவனக்குறைவு இல்லை. இருந்தும் பொறுப்பு அவருடையது என்றார்கள், சில விதிவிலக்குகளோடு. 1985 டிசம்பரில் டெல்லியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்த வழக்கில், ஆபத்தான தொழில் செய்கிறவருக்கு அந்த விதிவிலக்குகளும் கிடையாது என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போபால் நடந்து ஓராண்டில் எழுந்த வழக்கு அது. இந்த வரிசையைத் தேர்வுக்காகப் படிக்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரத்துப்பாளையம் போய், அணைக்குக் கீழே இருக்கும் தோட்டங்களில் யாரிடமாவது பேசிவிட்டு வந்து படி.

பெரியவர் வருகிற வியாழக்கிழமை மறுபடி வருகிறார். உனக்கு லீவு என்றால் வந்துவிடு. அவருடைய டி.சி.க்களைத் தேதிவாரியாக அடுக்கி, எதில் யார் கையெழுத்து, எதில் கையெழுத்தே இல்லை என்று ஒரு தாளில் எழுதிவை. நோட்டீஸின் முதல் வரைவை நீயே எழுது. அவர் முதல் கட்டிங் பீஸை இறக்கிய நாளிலிருந்து ஆரம்பி.

அன்புடன்,
உன் சீனியர்