சோளத்தைச் சுடும் மல்லி

மண்ணில் ஈரம் இருக்கிறது. ஆனாலும் மானாவாரிச் சோளம் முழங்கால் உயரத்திலேயே நின்றுவிடுகிறது. தோகை சுருண்டு, நுனி தீய்ந்து, வறட்சியில் அடிபட்டதுபோல் காணப்படுகிறது. கிணறு உள்ளவர் தண்ணீர் இறைத்துப் பார்ப்பார். வேறொருவர் நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பார். இரண்டும் வீண் செலவு. சில நாட்களில் பயிரின் தூரைச் சுற்றி ஒரு சாண் உயரத்தில், சிறிய வெள்ளைப் பூக்களுடன் ஒரு செடி தலைகாட்டும். அதுதான் சுடுமல்லி.

பூவைப் பார்த்தால் மல்லி. பயிரைப் பார்த்தால் நெருப்பில் வாட்டியது போலிருக்கும். பெயர் அவ்வளவுதான். மல்லிகைக்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை. தாவரவியலார் இதை ஸ்டிரைகா என்பர். லத்தீனில் அச்சொல் சூனியக்காரியைக் குறிக்கும். ஆங்கிலப் பெயருக்கும் சூனியக்காரிக் களை என்றே பொருள். தமிழ்ப் பெயர் சூனியத்தை இழுக்காமல் வயலில் கண்டதைச் சொல்கிறது. விவசாயிக்கு இதுவே அதிகம் உதவும்.

இக்களையின் விதை தூசி போன்றது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். அவை பத்து ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். ஈரம் மட்டும் கிடைத்தால் முளைக்காது. சோளம், மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றின் வேரிலிருந்து கசியும் ஒரு பொருள் பட்ட பிறகே முளைக்கும். முளைத்ததும் அந்த வேரைத் துளைத்து நீரையும் சத்தையும் உறிஞ்சும். பல வாரங்கள் மண்ணுக்குள்ளேயே வளரும். எனவே செடி வெளியே தெரியும்போது பயிருக்குப் பாதிச் சேதம் முடிந்திருக்கும். இருபதாம் நாள் களைவெட்டில் இது அகப்படாததும் இதனால்தான்.

அந்தக் கசிவுப் பொருளை 1966-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் முதலில் பிரித்தெடுத்தது சோள வேரிலிருந்து அல்ல, பருத்தி வேரிலிருந்து! பருத்தியில் சுடுமல்லி ஒட்ட முடியாது. ஆனால் அதன் வேர்க்கசிவு பட்டு விதை முளைத்துவிடும். பற்றிக்கொள்ள வேர் கிடைக்காமல் சில நாட்களில் மடியும். நிலக்கடலை, தட்டைப்பயறு, சூரியகாந்தி ஆகியவையும் இவ்வாறு விதையை ஏமாற்றக் கூடியவை. கரிசலில் சோளத்தையும் பருத்தியையும் மாற்றி மாற்றி விதைத்த பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. சோளத்தின் மேல் சோளமாக விதைக்கும் நிலத்தில்தான் சுடுமல்லி பெருகும். ஒரு முறை பயிர் மாற்றினால் போதாது. பல ஆண்டுகள் தொடர வேண்டும்.

சத்துக் குறைந்த நிலத்தில் தாக்குதல் கடுமை. தொழு உரமும் தழைச்சத்தும் போதிய அளவு இட்டால் சேதம் குறையும்.

தலைகாட்டிய செடிகளைப் பூ எடுக்குமுன் கையால் பிடுங்க வேண்டும். இவ்வாண்டுச் சோளத்துக்கு இதனால் பெரிய லாபம் இல்லைதான். ஆயினும் அடுத்த ஆண்டுக்கான விதை மண்ணில் விழாது. பூத்த செடியை வரப்பில் வீசக் கூடாது, அங்கேயே காய் முற்றிவிடும். மாட்டுக்கும் போடக் கூடாது. சாணத்தோடு விதை மறுபடி வயலுக்கு வரும். குப்பைக்குழியும் வேண்டாம், எரித்துவிட வேண்டும்.