கலியாண வீட்டில் படம் பிடிப்பவரின் பசி

கலியாண விருந்தைப் பற்றி மார்க்கம் நமக்குச் சொல்லித் தந்திருப்பவை பல. ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை நாம் கேட்டிருக்கிறோம். செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவே உணவுகளில் கெட்டது என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக வந்திருப்பதும் நமக்குத் தெரியும். ஆனால், நாமே பணம் பேசி வரவழைத்து, விடியற்காலை முதல் நம்முடனேயே நிற்க வைத்து, பந்தி போடும் நேரத்தில் மட்டும் மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார். அவர்தான் போட்டோ பிடிப்பவர்.

போட்டோ பிடிப்பது கூடுமா கூடாதா என்பது ஆலிம்கள் பேச வேண்டிய விஷயம். அதை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அழைத்து வந்துவிட்ட மனிதரின் வயிற்றைப் பற்றியதே நம் பேச்சு.

நம் ரிங்லெட்டில் இது சிறிய சங்கதியல்ல. இங்கே படம் பிடிக்க வருகிறவர்களில் பலர் தாப்பாவிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ மலையேறி வருகிறவர்கள். தாப்பாவிலிருந்து இங்கே சுமார் 45 கிலோமீட்டர், அவ்வளவும் வளைவுப் பாதை. கலியாணங்களோ பெரும்பாலும் பள்ளி விடுமுறையில் நடக்கின்றன. அந்நாட்களில் சுற்றுலாக் கார்கள் வரிசை பிடித்து நிற்கும் என்பதால், பசியாறாமலே இருட்டோடு புறப்பட்டு வருவார்கள். தோட்டத்து மண்டபத்தில் கலியாணம் என்றால், இடையில் எழுந்து போய் ஒரு ரொட்டி வாங்கித் தின்னவும் பக்கத்தில் கடை இராது. ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்குக் காமிராவைத் தோளில் மாட்டியபடி ஒருவர் நம் கடைக்கு வந்து பிஸ்கட்டும் தண்ணீரும் வாங்கி, வாசலில் நின்றபடியே தின்றார். கேட்டதற்கு, "கலியாண வீட்டிலிருந்துதான் வருகிறேன்" என்றார். நமக்கு வெட்கமாகிவிட்டது.

கலியாணச் சாமான் பட்டியலோடு வருகிறவர்களிடம், "எத்தனை தலை?" என்று கேட்பது கடைக்காரர் வழக்கம். "முந்நூறு" என்பார்கள். "படம் பிடிக்கிறவருக்குச் சேர்த்தா?" என்று கேட்டால், "அவருக்குத்தான் பணம் பேசியாகிவிட்டதே!" என்று பதில் வரும்.

இங்கேதான் கணக்குத் தவறுகிறது. கூலி வேறு, விருந்து வேறு. பேசிய பணம் அவருடைய கைத்தொழிலுக்கு. சோறு அவர் நம் வாசலில் நிற்பதற்கு. செலவென்று பார்த்தாலும், பிரியாணிக்கு ஒரு கிலோ அரிசி ஏழெட்டுப் பேருக்குக் காணும். முந்நூறு பேருக்கு நாற்பது கிலோ போடுகிற வீட்டில், போட்டோ, வீடியோ, ஒரு கையாள் என்று மூவர் கூடினால் அரை கிலோ அரிசிகூட ஏறாது. மண்டபத்தில் தலைக்கு இத்தனை வெள்ளி என்று பேசினாலும், முந்நூறு தட்டுக்கு மேல் மூன்று தட்டுத்தானே?

ஊழியர் உங்களுக்கு உணவு சமைத்துக் கொண்டுவந்தால் அவரையும் உடன் அமர்த்துங்கள்; அது முடியாவிட்டால் ஓரிரு கவளமாவது கொடுங்கள், ஏனெனில் அடுப்பின் வெக்கையையும் சிரமத்தையும் தாங்கியவர் அவர் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று வந்துள்ளது. இதில் சொல்லப்பட்ட காரணத்தைக் கவனிக்க வேண்டும். உணவின் வாசனை ஒருவர் மூக்கில் ஏற, அதற்காக உழைத்தவர் வெறும் வயிற்றோடு நிற்கலாகாது என்பதே அது. நெய்ச்சோறும் தால்ச்சாவும் பரிமாறுவதைப் படம் பிடித்தபடி பசியோடு நிற்பவருக்கும் இது பொருந்தாதா? நம் இந்துச் சகோதரர்கள் நாதஸ்வர வித்வானுக்குச் சாப்பாடு போட்டு, வெற்றிலை பாக்கோடு பணம் வைத்துக் கொடுக்கும் மரியாதையை நாம் பார்த்திருக்கிறோம். காமிராக்காரர் புதுத்தொழிலார் என்பதற்காக அவருக்கு மரியாதை குறைய வேண்டியதில்லை.

நாட்டின் சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, தொழிலாளியை அரை மணி நேர ஓய்வில்லாமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. சொந்தத் தொழில் செய்கிற போட்டோக்காரரை இச்சட்டம் காக்காமல் போகலாம். ஆனால் கால் கடுப்பும் வயிற்றுப் பசியும் எல்லோருக்கும் ஒன்றே.

2021-ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி பல நாட்டுப் பத்திரிகைகளில் வந்தது. நண்பரின் கலியாணத்தில் 250 டாலருக்குப் படம் பிடிக்கப் போனவருக்குச் சாப்பாட்டு மேசையில் இடம் தரவில்லையாம். சற்று ஓய்வு கேட்டதற்கும் மாப்பிள்ளை இசையவில்லையாம். அவர் மாப்பிள்ளையின் கண்ணெதிரே படங்களையெல்லாம் அழித்துவிட்டுப் போய்விட்டாராம். நாம் அதைச் சரியென்று சொல்லோம். எடுத்த படம் அமானிதம். கோபத்தில் அதை அழிப்பது குற்றமே. ஆயினும் ஒரு தட்டுச் சோற்றில் முடிந்திருக்க வேண்டிய காரியம் அது.

"அவர் சாப்பிட உட்கார்ந்தால் முக்கியமான படம் தவறிவிடுமே" என்பார்கள் சிலர். அதற்கும் வழியுண்டு.

முதலாவது, பணம் பேசும் அன்றே சாப்பாட்டையும் பேசிவிட வேண்டும். எத்தனை பேர் வருகிறார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்துச் சகோதரர்களில் பலர் மாட்டிறைச்சி உண்ணமாட்டார்கள். சிலர் சுத்த சைவம்.

இரண்டாவது, நிக்காஹ் முடிந்து முதல் பந்தி உட்காரும்போதே அவரையும் உட்கார வைத்துவிட வேண்டும். அப்போது மேடையில் வேலை குறைவு. கடைசிப் பந்திக்கு நிறுத்தினால், மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ள உறவினர் கூடிவிடுவர். அவருக்குச் சோறு கிடைக்காது.

மூன்றாவது, பெண்கள் பகுதியில் படம் பிடிக்கும் சகோதரிக்கு அங்கேயே ஒரு தட்டு வைக்கும்படி வீட்டுப் பெண்மணி ஒருவரிடம் பொறுப்பாகச் சொல்லிவிட வேண்டும். ஆண்கள் பக்கம் இருப்பவருக்கு அவர் பசி தெரியாது.

நான்காவது, சமையற்கட்டின் ஓரத்தில் நிற்க வைத்துக் கொடுக்காமல், விருந்தாளிகளோடு நாற்காலி போட்டு அமர்த்த வேண்டும். கை கழுவச் சுடுநீரும் சோப்பும் கொடுத்தால், நெய் படிந்த கையோடு காமிராவைத் தொட நேராது. திரும்பிப் போகும்போது ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தால், மலையிறங்கும் வழியில் உதவும்.

இவற்றைப் பார்த்துக்கொள்ள மாப்பிள்ளைக்கோ பெண்ணின் தகப்பனாருக்கோ அன்று நேரம் இராது. எனவே, குடும்பத்தில் ஓர் இளைஞரிடம் இந்த ஒரு வேலையை மட்டும் ஒப்படைத்துவிடுவது நல்லது. அடுத்த கலியாணத்துக்குப் பட்டியல் எழுத உட்காரும் அன்பர்கள், தலைக்கணக்கில் இந்த மூன்று தலைகளையும் முதலில் எழுதிக்கொண்டு பிறகு மற்றவர்களை எண்ணுவார்களாக. நம் வீட்டு விருந்தில் பரக்கத்தை அல்லாஹ் நல்குவானாக!