பூண்டுக் குழம்பும் பிரசவ வார்டும்

கேள்வி: டாக்டரம்மா, எங்களுக்கு வடுகபட்டி. இளைய மகளுக்குத் தலைப்பிரசவம், ஒன்பதாம் மாதம் நடக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில்தான் பார்க்கிறோம். மூத்தவள் பிரசவத்தின்போது வேறோர் இடத்தில், பூண்டுக் குழம்புச் சோறு கொண்டுபோனதற்கு எல்லார் முன்னாலும் என்னைச் சத்தம் போட்டார்கள். அவள் வலியில் கிடந்தபோது பக்கத்தில் விடவும் இல்லை. இந்தத் தடவை, பிள்ளை பிறந்ததும் அதன் நாக்கில் தன் கையால்தான் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைக்க வேண்டும் என்று சம்பந்தியம்மா பிடிவாதமாக இருக்கிறார். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு போட்டுவிடும் என்கிறார் என் மாமியார். எதைக் கேட்பது, எதை விடுவது?

பதில்: அம்மா, முதலில் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் சந்தை உங்கள் ஊரில் இருக்கிறது. உங்களைப் போய் பூண்டுக்காகத் திட்டியது தவறு. அமெரிக்காவில் மென்னெல்லா, போஷாம் என்ற இரு ஆய்வாளர்கள் பால் கொடுக்கும் தாய்மார்களுக்குப் பூண்டு கொடுத்துப் பார்த்து 1991-ல் எழுதினார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் பாலில் பூண்டு மணம் தூக்கலாக இருந்தது. பிள்ளைகள் முகத்தைத் திருப்பவில்லை, வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பில் ஒட்டிக்கொண்டு குடித்தன. பூண்டு பாலைப் பெருக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் பச்சை உடம்புக்காரி பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டுமாக வயிறாரச் சாப்பிட்டால் அது நல்லதுதான். ஆபரேஷன் என்றால் டாக்டர் சாப்பிடச் சொன்ன பிறகு கொடுங்கள். ரத்தக்கொதிப்பு இருந்தால் கருவாடு வேண்டாம். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத லேகியமும் வேண்டாம்.

வலி நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருப்பது உங்கள் மகளுக்கு யாரும் போடும் பிச்சை அல்ல. தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை என்ற ஏற்பாடு 2004-லேயே வந்துவிட்டது. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள, தொற்றுநோய் இல்லாத ஒரு பெண் கூட இருக்கலாம். 17 நாடுகளில், 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கடைசிவரை ஆள் துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது, வலி நேரம் குறைந்தது. அடுத்த செக்கப்புக்குப் போகும்போதே "நான்தான் துணைக்கு இருப்பேன்" என்று நர்ஸிடம் சொல்லி வையுங்கள். வலி எடுத்த பிறகு வாசலில் நின்று கெஞ்சும்படி விடாதீர்கள்.

இதைப் படிக்கும் செவிலியர் தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பளியர் குடியிலிருந்து மலையிறங்கி வரும் பெண்ணுக்கு, மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கி வைத்துப் பெறுவது பழக்கமே இல்லாததாக இருக்கலாம். குத்தவைத்தோ ஒருக்களித்தோ அவளுக்கு வசதிப்பட்ட நிலையில் பெறட்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் சொல்லியிருக்கிறது.

இனி சேனை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிறந்த பிள்ளையின் வாயில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ, ஒரு சொட்டுகூட வேண்டாம். விரலோடும் தண்ணீரோடும் கிருமி போகும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் ஒரு வயதுக்குள் உயிருக்கே ஆபத்து. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், பிறகு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்.

ஆனால் சம்பந்தியம்மாவிடம் இதைக் கோபமாகச் சொல்லாதீர்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு அப்பத்தாவை இதற்காக வார்டே பார்க்கத் திட்டினார்கள். அன்று ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு, முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த தேனை அவர் பிள்ளைக்குத் தடவினார். மறுநாள் காலைவரை எங்களுக்குத் தெரியாது. அவரோடு உட்கார்ந்து பேசியபோதுதான் சொன்னார்: சேனை வைப்பவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்களாம். தன் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், அவர் இல்லாததால் தான் வைத்தாராம். இதை முதல் நாளே நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் இப்படிச் சொல்லிப் பழகினேன்: "ஆத்தா, உங்க கையால பிள்ளையத் தூக்கி அவ நெஞ்சுல போடுங்க. சீம்பால்தான் சேனை, வைக்கிற கை உங்க கை." பலர் சம்மதித்தார்கள். சர்க்கரைத் தண்ணீரைத் தாயின் நாக்கில் தொட்டு வைத்துவிட்டு நிறைவாகப் போனவர்களும் உண்டு. உங்கள் சம்பந்தியிடம் இப்போதே, வலி வருமுன், இப்படிப் பேசிப் பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மாமியார் சொல்வது சரியில்லை. கர்ப்பப்பை சுருங்க ஆறு வாரம் ஆகும், அதுவரை வயிறு பெரிதாகத்தான் தெரியும். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுத்துக்கொண்டே இருக்கும். சூடாகத்தான் கொடுக்க வேண்டும் என்று மாமியார் சொன்னால் சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீராகவே இருக்கட்டும். ஒரு சொம்பு நிறைய, மகள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.