பாதி வேலையில் போய்ப் பாருங்கள்

கும்பகோணத்தில் பிளெக்ஸும் கல்யாணப் பத்திரிகையும் டிசைன் செய்து கொடுக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். "காலையில் கடை திறந்ததும் போனில் நூறு டிசைன் பார்த்துவிடுகிறேன் சார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் கடைசியில் அதே தங்க பார்டர், அதே மயில், அதே தாமரைதான் வருகிறது. எனக்கே அலுத்துவிட்டது. பத்து நாள் ராஜஸ்தான் பக்கம் சுற்றிவிட்டு வந்தால் சரியாகுமா?"

தாராளமாகப் போய்விட்டு வாருங்கள், தம்பி. ஆனால் பதினோராம் நாள் கடையைத் திறக்கும்போது அதே தங்க பார்டர் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். நானும் இந்தத் தொழிலில் இருந்தவன்தான். சுவரில் எழுத்து எழுதி ஆரம்பித்து, சைன்போர்டு, பிளாக், ஆப்செட் என்று முப்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். உங்களுக்கு வந்திருக்கும் வறட்சி எனக்கும் வந்தது. அதற்குக் காரணம் ஊர் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஓர் அவமானம் தேவைப்பட்டது.

தாராசுரத்தில் நடக்கவிருந்த ஒரு விழாவுக்கு அழைப்பிதழ் கேட்டார்கள். கோவில் மண்டபமே தேர் வடிவம், குதிரை இழுக்கும் சக்கரம் வைத்த மண்டபம். சக்கரத்தைப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஐந்து கிலோமீட்டர்கூட இல்லாத தாராசுரத்துக்குப் போகச் சோம்பல்பட்டு இணையத்தில் ஒரு சக்கரத்தை எடுத்து, நிறம் மாற்றி, ஆயிரம் பிரதி அடித்துக் கொடுத்தேன். விழாவன்று ஒரு பெரியவர் அழைப்பிதழைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பையிலிருந்து ஒரு புதுப் பத்து ரூபாய் நோட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "இது ஒரிசா சக்கரம் இல்லீங்களா தம்பி?" நோட்டில் இருந்தது கோனார்க். என் அழைப்பிதழில் இருந்ததும் கோனார்க்தான்.

அன்று புரிந்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். போனில் நாம் பார்ப்பதெல்லாம் முடிந்த பொருள். அது பளபளவென்று இருக்கும், பார்த்து அசந்துபோகலாம், இல்லாவிட்டால் காப்பியடிக்கலாம். மூன்றாவதாகச் செய்ய அதில் ஒன்றும் கிடையாது. பாதியில் நிற்கும் வேலை அப்படியில்லை. ஏன் இந்த இடத்தில் வளைத்தான், ஏன் இந்த நூலை மாற்றினான், எதை வழித்துப் போட்டுவிட்டு மறுபடி செய்தான் என்பதெல்லாம் அங்கே கண்ணுக்குத் தெரியும். கும்பகோணத்தைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் பாதி வேலை பார்க்கக் கிடைக்கிற அளவுக்கு வேறு ஊரில் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

முதலில் சுவாமிமலை. டவுன் பஸ்ஸில் அரை மணி. கடை வாசலில் வரிசையாக நிற்கும் நடராஜர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போனில் பார்த்ததற்குச் சமம். உள்ளே பட்டறையில் மெழுகு வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து காய்ச்சிய கலவை அது. கை தனி, கால் தனி, கிரீடம் தனி என்று பிடித்து, சூடு காட்டிய கத்தியால் ஒட்டுவார்கள். ஆபரணத்துக்கு மெழுகைத் தொடைமேலோ பலகைமேலோ நூல் போலத் திரிப்பதைப் பாருங்கள். சேமியா கனத்தில் ஒரு திரி, அதைச் சுற்றினால் மாலை, கிள்ளினால் மணி. பிடிக்கவில்லையா, வழித்து உருண்டையாக்கி மறுபடி சட்டியில் போட்டுவிடுவார் ஸ்தபதி. நீங்கள் கம்ப்யூட்டரில் 'அன்டூ' அடிக்கிறீர்களே, அதன் பாட்டன் அது.

அங்கே ஒரு தென்னை ஓலைக் கீற்றைத் தேடுங்கள். சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்துத் தாளம், அங்குலம் என்று பிரிப்பது பழைய வழக்கம். உத்தம தசதாளத்தில் ஓர் உருவத்தின் உயரம் 124 பங்கு. சிலை சாண் உயரமானாலும் ஆள் உயரமானாலும் பங்கு அதேதான். ஓலைதான் நீளும், குறையும். இன்ச், சென்டிமீட்டர் எதுவும் வேண்டாம். 2023-இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுத்தினார்களே 27 அடி நடராஜர், அவரும் இந்த ஊரில் மெழுகு வார்ப்பு முறையில் உருவானவர்தான். அடுத்த முறை விசிட்டிங் கார்டையே இழுத்துப் பெரிதாக்கிப் பிளெக்ஸ் போடுவதற்கு முன், ஒரு காகிதக் கீற்றை மடித்துப் பங்கு பிரித்துப் பாருங்கள். தலைப்புக்கு எத்தனை பங்கு, படத்துக்கு எத்தனை, சும்மா விட எத்தனை என்று அது சொல்லும். நான் ரிட்டயர் ஆகும்வரை அப்படித்தான் செய்தேன்.

மெழுகுக்கு மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பிறகு மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஒரு அச்சில் ஒரே சிலை. ஊற்றும் நாளைப் பார்க்க ஆசையிருந்தால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அடைமழை மாதங்களில் மண் காயத் தாமதமாகும்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைக்கு ஒரு பயிற்சி மட்டும் சொல்கிறேன். விளக்கு முழுசாக ஒரே வார்ப்பு இல்லை. அடி, தண்டு, தகழி, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைசலில் கடைந்து, மரை போட்டுப் பூட்டுவது. கடைவதற்கு நிற்கும் ஒரு தண்டைப் பார்த்து அதன் ஓரக்கோட்டை நோட்டில் வரையுங்கள். இடது பாதி மட்டும் போதும். எங்கே குடம் போலப் புடைக்கிறது, எங்கே கழுத்து போல ஒடுங்குகிறது என்று கை கற்றுக்கொண்டுவிடும். பத்து தண்டு வரைந்தபின் நீங்கள் போடும் பார்டர் வளைவு வேறு மாதிரி இருக்கும்.

நிறத்துக்குத் திருபுவனம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பட்டு, விசிறி மடிப்புக்குப் பேர்போனது. அங்கேயும் ஷோரூமுக்கு முன்னால் தறிவீட்டுக்குப் போங்கள். மயில்கழுத்து என்று தனியாக ஒரு சாயம் கிடையாது. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். நீலத்தின் குறுக்கே பச்சை ஓடும்போது, துணி அசைய அசைய, இரண்டும் இல்லாத ஒன்று தெரிகிறதே, அதற்குத்தான் அந்தப் பெயர். தறியில் நெய்தது ஒரு சாண், நெய்யாத பாவு அந்தப் பக்கம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். வெறும் பாவில் மயில் இருக்காது.

இதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு பத்திரிகைக்கு இரண்டே மை வைத்துக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறவிட்டு அடித்தேன். நாலு கலர் பத்திரிகைகளுக்கு நடுவே அதை மட்டும் தனியாக எடுத்துவைத்தார்கள். செலவும் குறைச்சல். கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராம் பட்டு ஜரிகை வியாபாரத்தில் இருந்துகொண்டே எழுதியவர். அவருடைய 'வேள்வித் தீ' சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கையைச் சொல்லும் நாவல். தறிவீட்டுக்குப் போவதற்கு முன் அதைப் படித்துவிட்டுப் போனால், பட்டின் பளபளப்புக்குப் பின்னால் இருக்கும் ஆளும் கண்ணில் படுவார்.

சங்கீதம் டிசைனுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். ஆடுதுறை தாண்டி நரசிங்கம்பேட்டை. நாதஸ்வரம் செய்யும் ஊர், 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆச்சா மரத்தில் செய்கிறார்கள், அதுவும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் பல வருடத்து உத்தரம், தூண் என்றால் இன்னும் உசத்தி. ஒரு காலத்தில் திமிரிதான் வழக்கம். அது குட்டை, சுருதி உயரம். நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாதஸ்வரம் இன்றைய வடிவத்துக்கு வந்ததில் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரிக்கும் பெரிய பங்கு. ஊதுகிறவர் சொல்லச் சொல்லக் கடைகிறவர் துளையை மாற்றிப் பார்த்திருக்கிறார். நீங்கள் கடைசியாகப் போட்ட பேனர் கட்டிய இடத்தில் போய் நின்று பார்த்திருக்கிறீர்களா? பஸ்ஸில் போகிறவர் எத்தனை விநாடி அதைப் பார்க்கிறார், டீக்கடை ஓலைக் கூரை எந்த வரியை மறைக்கிறது என்று? பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் பல வருடம் பார்க்கவில்லை.

கோவில் புறப்பாட்டில் மல்லாரி வாசிக்கும்போது பல்லக்கின் பின்னால் நாலு எட்டு நடங்கள். வாசிப்பதற்கு முன் சீவாளியை வாயில் நனைத்து ஒரு சின்ன ஊது ஊதிப் பார்ப்பார் வித்வான், அதிலிருந்தே கவனியுங்கள். மல்லாரி நடைக்கென்றே ஏற்பட்டது. உட்கார்ந்து கேட்கும் கச்சேரிக்கும் தெருவில் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு போகும் சாமிக்கும் வாசிப்பு வேறு. நின்று படிக்கிற பத்திரிகைக்கும் ஓடுகிற வண்டியிலிருந்து படிக்கிற போர்டுக்கும் எழுத்து வேறு என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

போட்டோ விஷயத்தில் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி 1858-இல் தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளக் கல்வெட்டைப் படம் எடுத்தார். ஒரே படத்தில் அடங்காது. கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்த 21 படங்களை ஒட்டினால் சுமார் 19 அடி நீளம். அந்தக் காலத்துக் கேமராவை ஒவ்வொரு தடவையும் தூக்கி வைத்து எடுக்க வேண்டும்! நாம் ஒரு நிமிஷத்தில் நாற்பது படம் எடுத்துவிட்டு ஒன்றையும் திரும்பப் பார்ப்பதில்லை. ஒரு மாதத்துக்கு ஒரே தெரு, ஒரே வீட்டுத் திண்ணைத் தூண், ஒரே நேரம், ஒரே படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினால் நிழல் எப்படி ஊர்கிறது என்று தெரியும். தூணுக்கு நிழல் போடுவது எப்படி என்று எந்த யூடியூபும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

கோவிலுக்குள் கைப்பேசியே கூடாதென்று 2022-இல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. பென்சிலுக்குத் தடை இல்லையே. ஓவியர் 'சில்பி' ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்தது சிற்பத்தின் முன்னால் உட்கார்ந்துதான். கோபுலு படித்தது நம் கும்பகோணம் ஓவியப் பள்ளியில், அதுதான் இன்றைக்கு அரசு கவின்கலைக் கல்லூரி. ராமஸ்வாமி கோவில் பிரகாரச் சுவரில் ராமாயணம் வரைந்திருக்கிறது. கதை முடிய மூன்று சுற்று சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு சட்டம் பார்த்து, வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து வரையுங்கள். எது ஞாபகத்தில் நின்றதோ அதுதான் ஓவியரின் கெட்டிக்காரத்தனம்.

இனி சில நடைமுறை. வாரத்துக்கு ஒரு இடம், ஒரு மணி நேரம். சுவாமிமலையும் திருபுவனமும் நாச்சியார்கோவிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் என்று கார் வைக்காதீர்கள், டூரிஸ்ட் ஆகிவிடுவீர்கள். பட்டறைக்குள் நுழையுமுன் "ஐயா, கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கலாங்களா?" என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் கும்பிட்டுவிட்டு அடுத்த வாசல். வெளிச்சத்தை மறைத்து நிற்கக் கூடாது. மெழுகைத் தொடவே கூடாது. தறியில் இருக்கும் புட்டாவைப் படம் எடுக்காதீர்கள். கடைக்கு வரும் முன்னே டிசைன் களவு போவது நெசவாளர்களுக்குத் தீராத வயிற்றெரிச்சல். "இது என்ன விலை?" என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். "இதில் எந்த இடம் கஷ்டம்?" என்று கேளுங்கள், பேச்சு நிற்காது. கிளம்பும்போது சின்னதாக ஏதாவது வாங்குங்கள். அவர் நேரத்துக்கு அது கூலி ஆகாது, மரியாதை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு தடவைக்கு ஒரு படம், ஒரு வரி. பார்த்ததை மூன்று நாளைக்குக் கடையில் உபயோகிக்காதீர்கள். உடனே போட்டால் காப்பியாகத்தான் வரும். நாலாம் நாள் நினைவில் மிச்சம் இருப்பதைப் போடுங்கள், அதில் உங்கள் கை கலந்திருக்கும். காலையில் போன் பார்ப்பதை விட வேண்டாம், வாடிக்கையாளர் அதில்தான் வருகிறார். முதல் அரை மணி மட்டும் நோட்டுக்குக் கொடுங்கள், டிகிரி காபியோடு.

முதல் வாரம் தாராசுரம் போங்கள், தம்பி. குதிரை இழுக்கும் மண்டபத்தின் சக்கரத்தில் எத்தனை ஆரம் என்று நான் வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. எண்ணிப் பார்த்து, வரைந்து, ஒரு தபால் கார்டில் எனக்கு அனுப்புங்கள். போட்டோ வேண்டாம்.